சூடு கண்ட பூனைக்கு அடுப்பு அணைந்தது எப்படித் தெரியும்?

கடிதம் எழுதியவர் 44 வயது அரசுப் பேருந்து ஓட்டுநர். 17 வருட சர்வீஸ். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். பதினான்கு மாதங்களுக்கு முன் காலை டிரிப்பில், ஒரு வளைவில், எதிரே வந்த டிராக்டரை முந்திய பைக் சறுக்கி அவருடைய பேருந்தின் முன்னால் விழுந்தது. ஓட்டிவந்த பையனுக்கு 19 வயது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. பையனின் டிபன் பாக்ஸ் திறந்து எலுமிச்சை சாதம் தார் ரோட்டில் சிதறிக் கிடந்ததைக் கடிதத்தில் இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறார்.

துறை விசாரணையில் அவர்மேல் தவறில்லை என்று முடிவாகிவிட்டது. கோர்ட் வழக்கு இன்னும் முடியவில்லை. பத்து நாள் லீவுக்குப் பிறகு வண்டி எடுத்தவர், ஐந்து மாதம் எப்படியோ ஓட்டியிருக்கிறார். அப்புறம் முடியவில்லை. எதிரே பைக் வந்தாலே கை வியர்க்கிறது, கால் தானாக பிரேக்குக்குப் போகிறது. வாரத்தில் நாலு இரவு அதே கனவு. பேருந்து நிற்கும்போது காற்று விடும் அந்த 'புஸ்' சத்தம் கேட்டால் வயிற்றைப் பிரட்டுகிறது. ஒரு வெள்ளிக்கிழமை மனைவி எலுமிச்சை சாதம் தாளித்தபோது கொல்லைப்புறம் ஓடி வாந்தி எடுத்திருக்கிறார். 18 வயது மகனை பைக்கைத் தொட விடுவதில்லை. அவன் வெளியே போனால் பத்து நிமிடத்துக்கு ஒரு போன். டிப்போ நண்பர் சொன்ன தூக்க மாத்திரையும், ராத்திரியில் ஒரு குவார்ட்டரும் பழகிவிட்டது. அம்மா, "அந்தப் பையன் ஆத்மா சாந்தியடையாம உன்னைச் சுத்துது" என்கிறார். மனைவி, "மறந்துடுங்க" என்கிறார். நண்பர்கள், "ரெண்டு ஆக்சிடென்ட் பார்த்தவன்லாம் ஜம்முன்னு ஓட்டுறான், உனக்கு என்ன?" என்கிறார்கள்.

அவருடைய கேள்விகள்: எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதா? வி.ஆர்.எஸ். கொடுத்துவிடட்டுமா? பையன் வீட்டுக்குப் போய்க் காலில் விழுந்தால் மனசு ஆறுமா? கடைசி வரி: "நானும் அன்னைக்கே போயிருந்தா நல்லா இருந்திருக்கும்னு தோணுது டாக்டர்."

அன்புள்ள நண்பரே,

உங்கள் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். செத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றுவதும், சாக வேண்டும் என்று வழி யோசிப்பதும் ஒன்றல்ல. ஆனால் முதலாவது இரண்டாவதாக மாற அதிக நாள் ஆகாது, மது உள்ளே இருந்தால் இன்னும் சீக்கிரம். அதனால் நேராகவே கேட்கிறேன்: எப்படிச் சாவது என்று யோசித்தது உண்டா? உண்டு என்றால் இதை மேலே படிக்க வேண்டாம். மனைவியை எழுப்பிச் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு (அரசின் மனநல உதவி எண்) எந்த நேரத்திலும் பேசலாம், தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. அருகில் உள்ள அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கும் போகலாம். அப்படி யோசித்ததில்லை என்றால், அந்த நினைப்பு மட்டும் வந்துபோகிறது என்பதையாவது வீட்டில் ஒருவரிடம் சொல்லி வையுங்கள். எனக்கு எழுத முடிந்தது, அவர்களிடம் சொல்லவும் முடியும்.

அடுத்து, உங்கள் முதல் கேள்வி. இது பைத்தியம் இல்லை. உங்களை நேரில் பார்க்காமல் நோயின் பெயரை முடிவாகச் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியிருப்பது 'பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தம்' என்று நாங்கள் சொல்லும் பி.டி.எஸ்.டி.யோடு வரிக்கு வரி பொருந்துகிறது. நடந்தது கனவிலும் நனவிலும் திரும்பத் திரும்ப வருவது, அதை நினைவூட்டும் எல்லாவற்றிலிருந்தும் ஒதுங்குவது, உடம்பு எப்போதும் ஆபத்தை எதிர்பார்த்து விறைத்துக் கிடப்பது, தன்னைப் பற்றியும் உலகத்தைப் பற்றியும் எண்ணமே மாறிப்போவது. சம்பவம் நடந்த முதல் சில வாரங்களில் இவை யாருக்கும் வரும், பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே அடங்கும். ஒரு மாதம் தாண்டியும் வேலையையும் குடும்பத்தையும் கெடுக்கிறது என்றால் சிகிச்சை வேண்டும். உங்களுக்கு 14 மாதம் ஆகிவிட்டது.

உங்களுக்குள் இரண்டு முடிச்சுகள் விழுந்திருக்கின்றன. ஒன்று உடம்பு போட்டது, இன்னொன்று மனசு போட்டது. இரண்டும் ஒன்றை ஒன்று இறுக்குகின்றன. அவிழ்க்கும் விதம்தான் வேறு வேறு.

உடம்பு கற்றுக்கொண்ட பாடம்

ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் மணியடித்து நாய்க்குச் சோறு வைத்த கதை பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அவ்வளவாகத் தெரியாத இன்னொரு சம்பவம் உண்டு. 1924 செப்டம்பரில் லெனின்கிராட் நகரில் பெருவெள்ளம். பாவ்லோவின் நாய்கள் இருந்த கூண்டுகளுக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. ஊழியர்கள் போய் நாய்களைக் காப்பாற்றினார்கள். நாய்கள் பிழைத்தன, ஆனால் சில நாய்கள் பழைய நாய்களாக இல்லை. பின்னொரு நாள், அப்படிப் பாதிக்கப்பட்ட ஒரு நாய் இருந்த அறையின் கதவிடுக்கு வழியாகக் கொஞ்சம் தண்ணீரைக் கசிய விட்டார்கள். வெள்ளமில்லை, தரையை நனைக்கிற அளவு தண்ணீர்தான். நாய் நிலைகொள்ளாமல் பதறியது.

உங்களுக்கு எலுமிச்சை சாதம் அந்தத் தண்ணீர்.

எலுமிச்சை சாதம் யாரையும் கொல்லவில்லை என்று உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் தெரிவது மூளையின் ஓரிடத்தில், பயப்படுவது இன்னோரிடத்தில். மூளையின் உள்ளே, காதுக்கு நேர் உட்புறமாக, அமிக்டலா என்று பாதாம் பருப்பு அளவில் ஒரு பகுதி இருக்கிறது. ஆபத்து நடந்த கணத்தில் சுற்றிலும் என்ன இருந்ததோ, சத்தம், வாசனை, வெயில், நிறம், எல்லாவற்றையும் அது 'ஆபத்து' என்று சேர்த்துக் கட்டிவிடுகிறது. அடுத்த தடவை அதில் ஒரு துண்டு எட்டிப் பார்த்தாலும் போதும், யோசிக்கிற மூளையைக் கேட்காமலே இதயத்தையும் வயிற்றையும் காலையும் தட்டி எழுப்பிவிடும். பைக் தெரிந்ததும் கால் பிரேக்குக்குப் போவதும் ஏர் பிரேக் சத்தத்துக்கு வயிறு புரள்வதும் இதனால்தான். நீங்கள் கோழை என்பதால் அல்ல. உயிரைக் காக்க வந்த ஏற்பாடு, ஒரே தடவையில் மிக நன்றாகப் படித்துவிட்டது.

இதை நம் ஊரில் எப்போதோ சொல்லிவிட்டார்கள்: அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். முதலில் அந்த வளைவில் மட்டும் இருந்த பயம், அப்புறம் எல்லா வளைவுகளுக்கும், எல்லா பைக்குகளுக்கும், கடைசியில் உங்கள் மகனின் பைக் சாவிக்கும் பரவியிருக்கிறது பாருங்கள். பயம் அப்படித்தான் பரவும்.

கனவைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சாதாரண நினைவு ஒன்று மூளையில் பதியும்போது இடம், நேரம் எல்லாம் சேர்ந்து பதியும், உங்கள் டிரிப் ஷீட்டில் ஏறுவதைப் போல. அதைச் செய்யும் பகுதிக்கு ஹிப்போகேம்பஸ் என்று பெயர். தாங்க முடியாத அதிர்ச்சியில் அந்த வேலை சரியாக நடப்பதில்லை. காட்சி பதிகிறது, 'இது அன்று நடந்தது, முடிந்துவிட்டது' என்ற குறிப்பு பதிவதில்லை. அதனால் அது நினைவாக வராமல், இப்போது நடப்பதாகவே வருகிறது. பிரிட்டனில் பணியாற்றும் ஏலர்ஸ், கிளார்க் என்ற இரு உளவியலாளர்கள் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட விளக்கத்தின் மையமே இதுதான்: ஆபத்து முடிந்துபோனது, ஆனால் பாதிக்கப்பட்டவர்களுக்கு மட்டும் அது இன்னும் நடந்துகொண்டே இருக்கிறது.

அம்மா சொல்வதை எதிர்த்துச் சண்டை போட வேண்டாம். திதி கொடுக்க வேண்டும், கோயிலில் விளக்கேற்ற வேண்டும் என்றால் செய்யுங்கள்; அது உங்கள் துக்கத்துக்கு ஒரு வடிவம் கொடுக்கும். ஆனால் கனவில் பையன் வருவது அவன் உங்களைத் துரத்துவதால் என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். முடிக்காத ஒரு வேலையை உங்கள் மூளை இரவில் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிறது. பரிகாரத்துக்குப் பிறகும் கனவு வந்தால், 'சாமியாலும் முடியவில்லை' என்று இன்னும் உடைந்துபோவீர்கள். அதுதான் என் கவலை.

சரி, 14 மாதமாக ஒன்றும் நடக்கவில்லையே, பயம் ஏன் தானாகத் தேயவில்லை? சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது. அதனால்தான் தேயவில்லை. அடுப்பு அணைந்து வாரக்கணக்கில் சாம்பலாகக் கிடந்தாலும் பூனைக்குத் தெரியப் போவதில்லை, அதுதான் பக்கத்திலேயே போகவில்லையே. அந்த ரூட்டை மாற்றி வாங்கினீர்கள், எலுமிச்சை சாதம் வீட்டில் நின்றுபோனது, டிவியில் விபத்துச் செய்தி வந்தால் எழுந்து போகிறீர்கள், மகனைப் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கூப்பிடுகிறீர்கள். ஒவ்வொரு தடவையும் அந்த நிமிடத்துக்கு ஒரு நிம்மதி. அந்த நிம்மதியிலிருந்து உடம்பு கற்றுக்கொள்வது 'ஒதுங்கியதால்தான் தப்பித்தேன்' என்பதை. 'ஒன்றும் ஆகியிருக்காது' என்பதைக் கற்க அதற்கு வாய்ப்பே கிடைக்கவில்லை.

உங்கள் மனைவி அன்பினால்தான் "மறந்துடுங்க" என்கிறார். ஆனால் மறக்க முயன்று மறந்தவர் யாரும் இல்லை. வெள்ளைக் கரடியை நினைக்காதே என்று சொல்லி உட்கார வைத்தால் அதுதான் மனதில் வந்து வந்து நிற்கும் என்று 1987-லேயே வெக்னர் என்ற உளவியலாளர் பரிசோதித்துக் காட்டினார். குரங்கை நினைக்காமல் மருந்து குடி என்ற நம் கதையும் அதுதானே.

மனசு எழுதிய தீர்ப்பு

உங்கள் கடிதத்தில் என்னை வெகுநேரம் உட்கார வைத்த இடம் ஒன்று உண்டு. விபத்துக்கு முந்தைய ஸ்டாப்பில் கூடையோடு ஓடிவந்த ஒரு வயதான அம்மாவுக்காக அரை நிமிடம் வண்டியை நிறுத்தினீர்கள். "அந்த ஆத்தாவுக்காக நிக்காம வந்திருந்தா அந்தப் பையன் உயிரோட இருந்திருப்பான். இரக்கப்பட்டதுதான் என் தப்பு" என்று எழுதியிருக்கிறீர்கள்.

நண்பரே, 17 வருடத்தில் எத்தனை பேருக்காக அப்படி நின்றிருப்பீர்கள்? அந்த அரை நிமிடங்களால் எத்தனை விபத்துகள் நடக்காமல் போயிருக்கலாம்? அதையெல்லாம் யாரும் கணக்கில் வைப்பதில்லை, நடக்காத விபத்து கண்ணில் படாது. முடிவு தெரிந்த பிறகு திரும்பிப் பார்த்தால் எல்லாமே முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டியதைப் போலத் தோன்றும். மனித மூளைக்கு உள்ள ஒரு பொதுவான கோளாறு இது. அன்று காலை உங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: ஒரு கிழவி கூடையோடு ஓடி வருகிறாள். இன்று தெரிந்ததை வைத்து அன்றைய மனிதனுக்குத் தண்டனை கொடுக்கிறீர்கள்.

இன்னொரு வரி: "சட்டுனு பிரேக் போட்டிருந்தா நின்னிருக்கும்." வாருங்கள், கணக்குப் போட்டுப் பார்ப்போம். நீங்களே எழுதிய எண்கள்தான். வேகம் மணிக்கு 45 கிலோமீட்டர். அப்படியென்றால் ஒரு விநாடியில் வண்டி 12.5 மீட்டர் போகும். பைக் விழுந்தது இருபது அடிக்குள், அதாவது சுமார் 6 மீட்டர். உங்களுக்கும் அந்தப் பையனுக்கும் நடுவில் அரை விநாடிதான் இருந்தது. எதிர்பாராத ஒன்றைக் கண் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கால் பெடலை மாற்றி மிதிக்கவே நல்ல ஓட்டுநருக்கும் ஒரு விநாடி அளவுக்கு ஆகும். அதற்கு மேல் காற்று ஏறி பிரேக் பிடிக்க வேண்டும், வண்டி ஆட்களோடு நிற்க வேண்டும். உங்கள் கால் பிரேக்கைத் தொடும் முன்னே அது நடந்து முடிந்துவிட்டது. உங்களைத் தேற்ற இதைச் சொல்லவில்லை. வகுத்துப் பார்த்தால் உங்களுக்கே வரும் விடை.

ஆனாலும் 'என் தப்பு' என்ற எண்ணத்தை உங்களால் விட முடியவில்லை, அதற்கும் காரணம் இருக்கிறது. தப்பு என்னுடையது என்றால், நான் கவனமாக இருந்தால் இது மறுபடி நடக்காது. தப்பு யாருடையதும் இல்லை என்றால், எந்த வளைவிலும், யாருக்கும், உங்கள் மகனுக்கும்கூட நடக்கலாம். இரண்டாவதைத் தாங்குவதைவிட முதலாவதைச் சுமப்பது மனசுக்குச் சுலபமாக இருக்கிறது. பையனுக்கு 19, உங்கள் மகனுக்கு 18. அந்த ஒரு வயது இடைவெளியில்தான் உங்கள் துக்கம் பூராவும் சிக்கிக் கிடக்கிறது என்பது என் ஊகம். 'நான் ஒரு வீட்டுப் பிள்ளையை எடுத்தேன், என் வீட்டிலும் எடுக்கப்படும்' என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் பத்து நிமிடத்துக்கு ஒரு போன் அதைத்தான் சொல்கிறது.

பட்ரீசியா ரெசிக் என்ற அமெரிக்க உளவியலாளர் வகுத்த சிகிச்சை முறை ஒன்று உண்டு, வழக்கமாக 12 அமர்வுகள். இப்படி மனசு மாட்டிக்கொண்டு நிற்கும் எண்ணங்களை ஒவ்வொன்றாகத் தாளில் எழுதி, சாட்சி இருக்கிறதா என்று நோயாளியையே விசாரிக்க வைப்பார்கள். நான் என் அறையில் செய்வது ஒன்றைச் சொல்கிறேன். தாளில் தோசை மாதிரி ஒரு வட்டம் போடுங்கள். விபத்துக்குக் காரணமான ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டு: மறைவான வளைவு, முந்தும் முடிவு, மெதுவாகப் போன டிராக்டர், சாலையில் கிடந்த மண், சறுக்கிய டயர், தலையில் இல்லாத ஹெல்மெட் (நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள்). உங்கள் துண்டை மட்டும் கடைசியில் போடுங்கள். இது அந்தப் பையன்மேல் பழி போடுவதற்கு அல்ல. 19 வயதில் டிராக்டரை முந்தாதவர் யார்? முழு தோசையையும் ஒரே ஆள் தின்ன முடியாது என்று கண்ணால் பார்ப்பதற்காக.

இன்னொரு எண்ணத்தையும் பிடித்து வையுங்கள்: 'கை நடுங்குகிறது, ஆக என் மூளை கெட்டுவிட்டது.' நடுக்கம் ஒரு அறிகுறி. அதைப் பற்றிய இந்த முடிவு இன்னொரு பயம். நடுக்கம் வந்ததும் அதற்கே பயந்து இன்னும் நடுங்குகிறீர்கள். இரண்டு முடிச்சும் ஒன்றை ஒன்று இறுக்குவதாகச் சொன்னேனே, அந்த இடம் இதுதான்.

மாத்திரையும் குவார்ட்டரும்

இதில் கறாராகப் பேச வேண்டியிருக்கிறது. நண்பர் வாங்கிக் கொடுத்த மாத்திரையின் பெயர் அல்பிரசோலம் என்று எழுதியிருக்கிறீர்கள். சீட்டில்லாமல் அதை விற்கவே கூடாது. அதோடு மதுவும் சேர்ந்தால் தூக்கத்தில் மூச்சு அமுங்கிப் போகும் அபாயம் உண்டு. இன்றிரவே இரண்டையும் ஒன்றாக எடுப்பதை நிறுத்துங்கள். ஆனால் மாதக்கணக்கில் தினமும் எடுத்த மாத்திரையை நீங்களாகச் சட்டென்று நிறுத்தவும் கூடாது, வலிப்பு வரலாம். தினமும் குடித்துப் பழகியவர் குடியைத் திடீரென்று விடுவதிலும் அதே ஆபத்து உண்டு. அதனால்தான் இந்த வாரமே டாக்டரைப் பார்க்கச் சொல்கிறேன். படிப்படியாகக் குறைக்க ஒரு வழி இருக்கிறது.

இந்த வகை மாத்திரைகள் பி.டி.எஸ்.டி.க்குச் சிகிச்சையும் அல்ல. அன்றைய பயத்தை மழுக்கும், ஆனால் 'பயந்தேன், இருந்தும் ஒன்றும் ஆகவில்லை' என்ற புதிய பாடத்தை மூளை படிப்பதையும் மழுக்கிவிடும். தேவைப்பட்டால் செர்ட்ராலின், பராக்சிடின் போன்ற வேறு வகை மருந்துகள் இருக்கின்றன. அவை வேலை செய்யச் சில வாரம் ஆகும், அடிமைப்படுத்துவதில்லை. உங்களுக்கு வேண்டுமா என்பதை நேரில் பார்க்கும் டாக்டர் முடிவு செய்யட்டும்.

சிகிச்சையில் என்ன நடக்கும்

பூனையைத் தூக்கி அடுப்பில் போட மாட்டோம். பலர் அந்தப் பயத்திலேயே வராமல் இருந்துவிடுகிறார்கள்.

எட்னா ஃபோவா என்ற உளவியலாளர் வளர்த்தெடுத்த முறையில் இரண்டு வேலைகள். ஒன்று, அன்றைய காலையைத் தொடக்கத்திலிருந்து கடைசி வரை, பாதுகாப்பான அறையில், பயிற்சி பெற்ற ஒருவர் பக்கத்தில் இருக்க, வாய்விட்டுச் சொல்வது. ஒரு தடவை அல்ல, பல தடவை. முதலில் அழுகை வரும், நடுக்கம் வரும். சொல்லச் சொல்ல, துண்டு துண்டாகக் கிடக்கும் காட்சிகள் வரிசைக்கு வந்து, தேதி ஏறி, முடிந்துபோன சம்பவமாக மாறும். இரண்டாவது, ஒதுங்கியவற்றை நோக்கி ஏணிப்படி மாதிரி ஒவ்வொரு படியாகப் போவது. உங்களுக்கு அந்தப் படிகளை நான் இப்படி வைப்பேன்: முதலில் டிப்போவில் நிற்கிற வண்டியில், இன்ஜின் ஆஃப் செய்த நிலையில், டிரைவர் சீட்டில் உட்காருவது. அப்புறம் இன்ஜின் ஓட. அப்புறம் அந்த 'புஸ்' சத்தத்தை நீங்களே பத்து, இருபது தடவை எழுப்புவது. அப்புறம் பயணியாக அந்த ரூட்டில். கடைசிப் படிகளில்தான் அந்த வளைவு.

ஒவ்வொரு படிக்கும் முன்னால் ஒரு வரி எழுத வேண்டும்: 'என்ன நடக்கும் என்று பயப்படுகிறேன்?' உதாரணமாக, 'சத்தம் கேட்டால் மயங்கி விழுவேன்.' முடிந்ததும் பக்கத்தில் இன்னொரு வரி: 'என்ன நடந்தது?' இந்த இரண்டு வரிகளுக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசத்தில்தான் மூளை படிக்கிறது. பயம் பூஜ்யமாக வேண்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

ஒன்றை முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன், இல்லாவிட்டால் நடுவழியில் மனம் உடைந்துபோவீர்கள். பழைய பயம் அழிவதில்லை. அதன் பக்கத்தில் 'இப்போது ஆபத்தில்லை' என்று புதிய பாடம் ஒன்று எழுதப்படுகிறது, அவ்வளவுதான். அடங்கிய பழக்கம் கொஞ்ச நாள் கழித்துத் தானாகத் தலைகாட்டுவதை பாவ்லோவே பார்த்திருக்கிறார். புதிய பாடத்துக்கு இன்னொரு குணமும் உண்டு, படித்த இடத்தில்தான் நன்றாக ஞாபகம் வரும். டிப்போவில் அடங்கிய பயம் ஹைவேயில் எழும்பும். விபத்து நடந்த தேதி நெருங்கும்போதும், வேறொரு விபத்தைப் பார்க்கும்போதும் எழும்பும். அதனால் காலை, மாலை, வேறு வண்டி, வேறு ரோடு என்று பல இடங்களில் பழக வேண்டும். திரும்ப வந்தால் சிகிச்சை தோற்றதாக அர்த்தம் இல்லை. மறுபடி பழகினால், பெரும்பாலும் முதல் தடவையைவிடச் சீக்கிரம் அடங்கும்.

இவற்றை நீங்களாகத் தனியாக ஆரம்பிக்க வேண்டாம், முக்கியமாகக் குடி நிற்கும் வரை. மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. உங்கள் பகுதியில் இந்தப் பயிற்சி பெற்ற உளவியலாளர் யார் என்று அங்கே கேளுங்கள்.

வேலை, வழக்கு, அந்த வீடு

பயணிகளை ஏற்றிக்கொண்டு இப்போதைக்கு வண்டி எடுக்காதீர்கள். கால் தானாக பிரேக்குக்குப் போகிற நிலையில், மாத்திரை உள்ளே இருக்கும்போது, ஐம்பது பேரின் உயிரை உங்கள்மேல் வைப்பது உங்களுக்கே செய்யும் அநியாயம். 'இனி ஸ்டியரிங் தொடத் தகுதியில்லை' என்று நீங்கள் எழுதியதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். கை ஒடிந்தவரும் கட்டுப் பிரிக்கும் வரை ஓட்ட மாட்டார்.

வி.ஆர்.எஸ். இப்போது வேண்டவே வேண்டாம். ஒதுங்குவதிலேயே பெரிய ஒதுங்கல் அது, அமலுக்கு வந்த பிறகு திரும்பப் பெறவும் முடியாது. சிகிச்சை எடுத்து முடித்து, தெளிந்த மனசோடு அதே முடிவுக்கு வந்தால் அது வேறு. டாக்டர் சான்றிதழோடு மருத்துவ விடுப்போ லைட் டூட்டியோ எழுத்தில் கேளுங்கள், வாய்மொழியாக வேண்டாம். எல்லாம் செய்தும் ஓட்ட முடியாமலே போனால், 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 20(4) என்ற பிரிவு இருக்கிறது. பணிக்காலத்தில் ஊனம் அடைந்த அரசு நிறுவன ஊழியரை வேலையை விட்டு நீக்கவோ தரம் இறக்கவோ கூடாது, அதே ஊதிய நிலையில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும் என்கிறது. மனநோயும் அந்தச் சட்டத்தின் பட்டியலில் உண்டு. ஆனால் நோய் இருப்பதாலேயே ஊனம் என்று ஆகிவிடாது, மருத்துவக் குழு மதிப்பிட்டுச் சான்று தர வேண்டும். அது கடைசிப் படி. தொழிற்சங்கத்திலும் வழக்கறிஞரிடமும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மனநல டாக்டரிடம் போனால் டிப்போ முழுக்கத் தெரிந்துவிடும் என்று பயப்படுகிறீர்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்கள் சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்துக்கொள்ளும் உரிமையை உங்களுக்குத் தருகிறது. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு.

பையன் வீட்டுக்குப் போவதைப் பற்றி. இது உங்கள் கடிதத்தில் மிகவும் மென்மையான இடம், அதனால் யோசித்தே எழுதுகிறேன். இப்போது போகாதீர்கள். வழக்கு நிலுவையில் இருக்கிறது. காலில் விழுந்து "நான்தான் கொன்னுட்டேன்" என்று நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தை கோர்ட்டில் வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ளலாம். உங்கள் வழக்கறிஞரைக் கேட்காமல் அந்தத் திசையில் ஓர் அடியும் வைக்க வேண்டாம். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அந்தத் தாய் தகப்பன். பிள்ளையைப் பறிகொடுத்தவர்களிடம் போய் மன்னிப்பு கேட்டால், உங்களை ஆற்றும் வேலையையும் அவர்கள் தலையில் வைக்கிறோம். அவர்கள் கதவைச் சாத்தினால், அல்லது ஏசினால், நீங்களே எழுதி வைத்த தீர்ப்புக்கு அது முத்திரையாகிவிடும். வழக்கு முடிந்து, நீங்கள் சிகிச்சையில் கொஞ்ச தூரம் வந்த பிறகு, ஊர்ப் பெரியவர் ஒருவர் மூலம் அவர்களுக்கு விருப்பமா என்று கேட்டுவிட்டு, துக்கம் விசாரிக்கிறவராகப் போகலாம். "தப்பு செய்தேன்" என்று சொல்லத் தேவையில்லை. "தினமும் நினைக்கிறேன்" என்பது உண்மை, அது போதும்.

டிப்போ நண்பர்கள் ஜம்மென்று ஓட்டுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒருவருக்கு வருவதும் இன்னொருவருக்கு வராததும் தைரியத்தின் அளவுகோல் இல்லை. எவ்வளவு அருகில் பார்த்தார், அது யாரை நினைவூட்டியது, அதற்கு என்ன அர்த்தம் கற்பித்துக்கொண்டார், பிறகு யாரோடு பேச முடிந்தது, இத்தனையும் சேர்ந்தது. தவிர, ஜம்மென்று ஓட்டுகிறவர்களில் எத்தனை பேர் ராத்திரி குவார்ட்டரோடு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. அந்த மாத்திரையை உங்களுக்குக் கொடுத்த நண்பர் அதை எதற்காக வாங்கி வைத்திருந்தார் என்று ஒரு நாள் கேட்டுப் பாருங்கள்.

டாக்டரிடம் போகும்போது மனைவியைக் கூட்டிப் போங்கள். மாத்திரை அட்டையை அப்படியே எடுத்துப் போங்கள். எத்தனை நாள், எத்தனை, எவ்வளவு குடி என்பதைக் குறைக்காமல் சொல்லுங்கள். பேச வராவிட்டால் எனக்கு எழுதிய கடிதத்தின் நகலை நீட்டுங்கள், எல்லாம் அதிலேயே இருக்கிறது. அந்தக் கூடைக்கார அம்மாவைப் பற்றிய பக்கத்தைத் தவறாமல் காட்டுங்கள்.